ஆள் இல்லாத அருவியும் சம்பளம் இல்லாத லீவும்!

பேப்பர்காரர் வீட்டில் லீவு என்பது அபூர்வமான சமாசாரம். பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை என்று மறுநாள் பேப்பர் வராத நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் ஊர் தூங்கும்போது அவர்கள் முழித்திருக்க வேண்டும். என் கணவர் ஒரு தமிழ் நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் உதவி ஆசிரியர். நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்தில் உட்கார வைக்கிற வேலை. சாயங்காலம் 5 மணிக்குப் போனால் ராத்திரி 2 மணிக்குத்தான் பைக் சத்தம் கேட்கும்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏங்க, ஒரு பத்து நாள் சேர்ந்தாப்ல லீவு போடுங்களேன். சீசனுக்கு ஊர்ல இருந்துட்டு வருவோம்." அவருக்குச் சொந்த ஊர் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் ஆனி, ஆடிச் சாரலில் நாங்கள் நனைந்தது ஞாயிற்றுக்கிழமை அரைநாள் கணக்கில்தான்.

2020 ஜூனில் அந்தப் பத்து நாள் லீவு கிடைத்தது. ஒரு மாதம் மட்டுமல்ல, மாதா மாதம் பத்து நாள். சம்பளம் மட்டும் கிடையாது.

மே மாதக் கடைசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். "மூணு மாசத்துக்கு மட்டும்தான். கம்பெனி பிழைச்சாதான் நாமளும் பிழைக்க முடியும்." கையில் ஒரு கடிதம். அதில் 'சுழற்சி முறை விடுப்பு' என்று இருந்தது. அதை இவர் மேசை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தார். "தலைப்பு சரியில்ல. நானா இருந்தா 'சம்பள வெட்டு'ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிருப்பேன்" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

30 ஆயிரம் சம்பளம் 20 ஆயிரம் ஆனது. அதில் பாளையங்கோட்டை வீட்டு வாடகை 7,500. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ், ஆன்லைன் கிளாஸுக்கு ஒரு போன். பைக் லோனுக்கு ஆகஸ்ட் வரை தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்திருந்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. என் வளையல் நாலும் நகைக்கடனுக்குப் போயின.

பேப்பர் ஆபீஸ் ஏன் இப்படித் தடுமாறியது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஊர் உலகமே செய்திக்காகத் தவித்த நேரம் அது. இன்றைக்கு எத்தனை பேருக்குத் தொற்று, எந்தத் தெருவை அடைத்தார்கள், ரேஷனில் என்ன கொடுக்கிறார்கள்... இதையெல்லாம் சொல்கிற பேப்பருக்கு வருமானம் கூடத்தானே வேண்டும்?

இவர்தான் விளக்கினார். அப்போது நாம் காலையில் கொடுத்த ஐந்து, ஆறு ரூபாயில் ஒரு பேப்பரைத் தயாரிக்கவே முடியாதாம். காகிதம், மை, அச்சு, வேன் வாடகை, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் சேர்ந்தால் விற்கும் விலையைத் தாண்டிவிடும். மிச்சத்தை நிரப்புவது விளம்பரம். ஜவுளிக்கடை, நகைக்கடை, மனைவிற்பனை, ஸ்கூல் அட்மிஷன். அந்த வருஷம் ஏப்ரல் 26 அட்சய திருதியை. நகைக்கடை விளம்பரத்தில் பக்கம் பக்கமாகத் தங்கம் மின்ன வேண்டிய நாள். கடையே பூட்டிக் கிடக்கும்போது யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

கொரோனாவுக்கு முன்பே நிலைமை சுகமில்லைதான். செல்போன் வந்த பிறகு விளம்பரப் பணத்தில் பெரும் பங்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 2019 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதிக் காகிதத்துக்கு 10 சதவிகித வரி போட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் 5 ஆகக் குறைத்தார்கள். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆளுக்குக் காய்ச்சலும் வந்த மாதிரி ஆனது ஊரடங்கு. போதாதற்கு, பேப்பரைத் தொட்டால் கொரோனா ஒட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. 16 பக்கம் வந்த பேப்பர் 10 பக்கமாக மெலிந்தது.

இதில் என் மனதை அறுத்த விஷயம் வேறு. மார்ச் 29-ம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்குக் காலத்தில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று. அந்தச் செய்திக்குத் தலைப்பு வைத்தது இவர்தான். அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டிச் சந்தோஷப்பட்டார். அந்த உத்தரவு மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இவர் கைக்கு லீவுக் கடிதம் வந்தது அடுத்த வாரம்.

பீடி சுற்றும் பெண்களுக்கு வேலை இல்லை என்று செய்தி போட்டார்கள். ஆட்டோக்காரர்கள், நாதஸ்வரக் கலைஞர்கள், பந்தல்காரர்கள், சலூன் கடைக்காரர்கள் என்று எல்லார் கஷ்டமும் படத்தோடு வந்தது. அந்தச் செய்திகளை எழுதியவர், திருத்தியவர், பக்கம் கட்டியவர் கஷ்டம் மட்டும் வரவில்லை. எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வரவும் முடியாது இல்லையா?

ஜூனில் பஸ் ஓட ஆரம்பித்ததும் பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்தோம். சாமான்களை ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு தென்காசியில் மாமா வீட்டுக்கே வந்துவிட்டோம். வேலை இருக்கும் 20 நாள் அவர் திருநெல்வேலியில் நண்பர் அறையில் தங்குவார். மீதிப் பத்து நாள் வீட்டில். மாமாவின் பென்ஷனும் அத்தையின் தோட்டத்து முருங்கையும் எங்களைத் தாங்கின. நான் அத்தையின் பழைய தையல் மிஷினில் துணி மாஸ்க் தைத்துக் கொடுத்தேன். ஒன்று பத்து ரூபாய். "ஏட்டி, நம்ம வீட்டுல இப்ப நீதான் கவர்மென்ட் உத்தியோகம்" என்று அத்தை கேலி செய்வார்.

அந்த வருஷம் சாரலுக்குக் குறைவே இல்லை. மேற்கே மலை கறுத்து, தெருவெல்லாம் ஈரக்காற்று. ஒருநாள் மூவரும் பைக்கில் குற்றாலம் வரை போனோம். பேரருவி பாறை தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. கீழே ஓர் ஆள் இல்லை. தடுப்புக் கட்டையும் இரண்டு போலீஸ்காரர்களும்தான். குளிக்க அனுமதி கிடையாது. நேந்திரம் சிப்ஸ் வாசனை இல்லை, எண்ணெய் தேய்க்கக் கூப்பிடும் குரல் இல்லை, மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகள் இல்லை. குரங்குகள் பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்து எங்களையே பார்த்தன.

குற்றாலத்துக்காரர்களின் கணக்கு எங்களுக்குத் தெரியும். சீசன் மூன்று மாதம் சம்பாதிப்பதுதான் மற்ற ஒன்பது மாதத்துக்குச் சோறு. அருவியில் தண்ணீர் விழுந்தால் மட்டும் போதாது. குளிக்க ஆள் வர வேண்டும், வந்தவர்கள் செலவழிக்க வேண்டும். அன்றைக்கு அருவியைப் பார்த்தபடி இவர் சொன்னார். "எங்க ஆபீஸும் இப்படித்தான் இருக்கு. செய்தி கொட்டுது. விளம்பரக்காரங்க ஒருத்தரும் இல்ல."

மகள்தான் போனில் தேடி, இதற்கு அமெரிக்காவில் 'ஃபர்லோ' என்று பெயர் என்று கண்டுபிடித்தாள். பழைய காலத்தில் சிப்பாய்களுக்குக் கொடுத்த லீவைக் குறித்த சொல்லாம். 'யுஎஸ்ஏ டுடே' பத்திரிகையை நடத்திய கேனட் நிறுவனம் 2009 ஜனவரியிலேயே ஊழியர்களை ஒரு வாரம் சம்பளம் இல்லாத லீவில் அனுப்பியிருக்கிறது. 2020-ல் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் மாதத்துக்கு ஒரு வாரம். இந்தியாவிலும் 'தி குவின்ட்' என்ற செய்தி இணையதளம் அதே ஏப்ரலில் சுமார் 45 பேரைச் சம்பளம் இல்லாத லீவில் அனுப்பியது. பல பெரிய பத்திரிகைகள் சம்பளத்தைக் குறைத்தன. சில, ஆட்களையே குறைத்தன.

அமெரிக்காக்காரர்களின் லீவில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஃபர்லோவில் இருப்பவர் வேலையைத் தொடவே கூடாது. ஆபீஸ் மெயிலுக்கு ஒரு வரி பதில்கூட அனுப்பக் கூடாதாம். வேலை பார்த்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டும், சட்டம் அப்படி.

எங்கள் வீட்டில் லீவு நாளிலும் ராத்திரி 9 மணிக்கு போன் அடிக்கும். "அண்ணே, கலெக்டர் மீட்டிங் நியூஸ் பெருசா இருக்கு. பத்து வரியா குறைக்கணும், எத வெட்டலாம்?" இவர் திண்ணையில் நடந்துகொண்டே வரி வரியாகச் சொல்வார். டெஸ்க்கில் பாதிப் பேர் லீவில் இருந்தால் மீதிப் பேர் என்னதான் செய்வார்கள்?

ஒருநாள் மகள் கேட்டேவிட்டாள். "சம்பளம் இல்லன்னா வேலையும் இல்லதானப்பா?"

"காலைல பேப்பரைப் பிரிக்கிறவங்களுக்கு நான் லீவுன்னு தெரியாதேம்மா. தப்பு வந்தா பேப்பர் தப்புன்னுதான சொல்லுவாங்க."

அவள் பதில் சொல்லவில்லை. அப்பா மேல் கோபமா, ஆபீஸ் மேல் கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தென்காசிக்கு வந்த பிறகுதான் எங்களுக்கும் கீழே இரண்டு படி இருப்பது கண்ணில் பட்டது.

ஒருவர் எங்கள் தெருவுக்குப் பேப்பர் போடும் ஏஜென்ட் அண்ணாச்சி. விடிகாலை 4 மணிக்கு வேனிலிருந்து கட்டு இறக்கி, இணைப்பு செருகி, பையன்களுக்கு லைன் பிரித்துக் கொடுப்பவர். ஊரடங்கில் பையன்களை வீட்டில் விடவில்லை. அண்ணாச்சியே பழைய டிவிஎஸ் 50-ல் எல்லா லைனும் போனார். "கொஞ்ச நாளைக்குப் பேப்பர் வேண்டாம் அண்ணாச்சி" என்று பாதி வீட்டில் சொல்லிவிட்டார்கள். பழைய பாக்கியும் வசூலாகவில்லை. கமிஷனில் பிழைக்கிறவருக்குச் சம்பளமே கிடையாது. பிறகு எங்கே சம்பளம் இல்லாத லீவு? "உங்க வீட்டுக்காரருக்காவது லீவுன்னு ஒரு பேரு வச்சுக் குடுத்திருக்காங்க தாயி" என்றார்.

இன்னொருவர் எங்கள் பகுதிச் செய்திகளை அனுப்பும் பகுதி நேர நிருபர். பெயர்தான் பகுதி நேரம். விபத்து, மறியல், கோயில் கொடை என்று நாள் முழுக்க பைக்கில்தான் இருப்பார். வந்த செய்திக்குத்தான் காசு. பெட்ரோலுக்கே சரியாகப் போகும் என்பதால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையும் பார்த்தார். பக்கம் குறைந்தபோது முதலில் அடிபட்டவர் அவர்தான். பத்துச் செய்தி அனுப்பினால் இரண்டு வந்தது.

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ம் தேதி. அந்தச் சமயத்தில் இவர் பேப்பரில் தென்காசிக்கென்று தனிப் பக்கம் தொடங்கினார்கள். செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், சங்கரன்கோவில் செய்தியெல்லாம் முதன்முதலாக விரிவாக வந்தது. நம்ம ஊருக்கும் ஒரு பக்கம் என்று மாமா அதைத் தனியாக எடுத்து அடுக்கி வைத்திருந்தார். ஆறே மாதம்! ஜூனில் அந்தப் பக்கம் நெல்லைப் பக்கத்துக்குள் கால் பக்கமாகச் சுருங்கியது. மாவட்டம் பெரிதாகவே இருந்தது, அதைச் சொல்ல இடம் இல்லாமல் போனது.

ஓர் ஆடி மாதச் சாயங்காலம் மாமா எங்களைக் கடையத்துக்குப் போய்வரச் சொன்னார். நித்திய கல்யாணி அம்மன் கோயில் வாசலில் நின்று கும்பிட்டோம். கடையம், பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர். இந்த ஊரில் பாரதியார் 1918 கடைசியிலிருந்து 1920 வரை இருந்தார் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார் இவர். பாரதியாரும் உதவி ஆசிரியர்தான்! 1904-ல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் சேர்ந்தவர். பிறகு 'இந்தியா' பத்திரிகை நடத்தினார். வெள்ளைக்காரர்கள் தடை போட, 1910-ல் அது நின்றுபோனது. புதுச்சேரியை விட்டுக் கிளம்பியபோது கைதாகி, விடுதலையான பிறகு வந்து சேர்ந்த இடம் கடையம். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக அச்சிடப் பணம் கேட்டு இங்கிருந்துதான் கடிதம் அனுப்பினார். நினைத்தபடி பணம் வரவில்லை. 1920 நவம்பரில் மறுபடி 'சுதேசமித்திர'னுக்கே வேலைக்குத் திரும்பினார். அடுத்த செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

இவர் பாரதியாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் நினைத்துக்கொண்டதெல்லாம் செல்லம்மாவை. வேலை இல்லாத பத்திரிகைக்காரருக்குப் பிறந்த வீட்டு ஊரில் இரண்டு வருஷம் சோறு போட்டவர்! அரிசிப் பானையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்? இப்போது கடையத்தில் பாரதியாரும் செல்லம்மாவும் சேர்ந்து நிற்கும் சிலை வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் நான் அந்த அம்மாவைத்தான் முதலில் பார்ப்பேன்.

இதைக் கேட்க யாரும் இல்லையா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டார்கள். தேசியப் பத்திரிகையாளர் கூட்டமைப்பும் டெல்லி, மும்பை பத்திரிகையாளர் சங்கங்களும் சம்பள வெட்டையும் ஆள்குறைப்பையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. 2020 ஏப்ரல் 27-ல் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அப்போது சட்டமும் இல்லாமல் இல்லை. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955-லேயே தனிச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த மஜீதியா ஊதியக் குழுவின் சிபாரிசு 2011 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. ஆனால், ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களும் வரிக் கணக்கில் காசு வாங்குபவர்களும் அதைக் காட்டிக் கேட்டால் மறுநாள் வேலை இருக்குமா? அந்த 1955 சட்டத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதே 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. அதையும் இவர்கள்தான் செய்தியாகப் போட்டார்கள்.

மூன்று மாதம் என்றது ஏழு மாதம் ஓடியது. தீபாவளிக்கு ஜவுளி விளம்பரம் எட்டிப் பார்த்தது. அடுத்த ஜனவரியில் முழுச் சம்பளம் வந்த அன்று அத்தை பால் பாயசம் வைத்தார். பிடித்த பணம் திரும்பவில்லை. டெஸ்க்கில் 14 பேர் இருந்த இடத்தில் 9 பேர். பிழைதிருத்துபவர் வேலையே இல்லாமல் போனது. 20 வருஷம் ஒற்றுப்பிழை பார்த்த அந்த அண்ணன் இப்போது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறார். போன வாரம் என் பில்லில் 'பருப்பு வகைகள்' என்று சரியாக இருந்ததைக் காட்டிச் சிரித்தார்.

நாங்கள் தென்காசியிலேயே தங்கிவிட்டோம். இவர் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். குற்றாலத்தில் மறுபடி கூட்டம் நெரிகிறது. தென்காசிப் பக்கம் மட்டும் திரும்பி வரவே இல்லை.

அதனால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்பவர்களுக்கு எங்கள் தெரு கதையைச் சொல்வேன். அந்தப் பகுதி நேர நிருபர் ஒருவழியாகப் பேப்பர் வேலையை விட்டுவிட்டு, இன்சூரன்ஸை முழு நேரமாக்கிக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு கோடையில் எங்கள் பகுதியில் 11 நாள் குடிதண்ணீர் வரவில்லை. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் காலிக்குடப் படம், கோபப் பொம்மை, நீளநீளமான குரல் பதிவு. எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினோம். தண்ணீர் வரவில்லை.

முன்பெல்லாம் இது இரண்டாம் நாளே முடிந்திருக்கும். அந்த நிருபர் படம் எடுத்துக்கொண்டு நேரே அதிகாரிக்கு போன் போடுவார். "சார், நாளைக்குச் செய்தி வருது. உங்க தரப்புல என்ன சொல்றீங்க?" பல சமயம் செய்தி அச்சாகும் முன்பே குழாயில் தண்ணீர் வந்துவிடும். 12-ம் நாள் மாமாவே அவரைத் தேடிப் போய், "தம்பி, ஒரு போன் மட்டும் போட்டுக் குடுங்க" என்று கேட்டார்.

"இப்ப எந்தப் பேப்பர்னு சொல்லி மாமா போன் போட?" என்றாராம் அவர்.

வாட்ஸ்அப் குரூப்பில் 240 பேர் இருந்தோம். அந்த ஒரு கேள்வியை அதிகாரியிடம் கேட்க ஓர் ஆள் இல்லை. கேட்கிற ஆளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும், பத்து நாள் பிடிக்காமல். எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் ஒன்றாம் தேதி பால் கணக்குக்கு முன்னால் அண்ணாச்சியின் பேப்பர் கணக்கைத்தான் தீர்க்கிறோம்.